சோறு பொங்கியவளுக்கு ஏறியது

சொளகு முறத்தை மடியில் வைத்து, நனைத்த இலையைத் தகர அச்சின் அளவுக்கு வெட்டி, புகையிலைத் தூளைப் பரப்பி, உருட்டி, நூலைச் சுற்றி, வாயைக் குச்சியால் மடக்கி, ஒரு பீடியைப் போட்டுவிட்டு அடுத்த இலையை எடுக்கிற நேரத்தில் கால் கட்டைவிரலில் கட்டியிருக்கிற தொட்டில் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வேன், கை பீடி சுற்றும், கால் பிள்ளையை ஆட்டும், இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், அன்றைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், அப்போதுதான் எனக்குப் போதை வந்தது.

குடித்தாயா என்று கேட்டால் இல்லை. அன்றைக்கு என் வாய்க்குள் போனது காலையில் பழைய சோற்று நீச்சத்தண்ணியும் மதியம் சோறும் புளிக்குழம்பும்தான். ஆனாலும் கல் உடைக்கிற கிரஷரில் சங்கு ஊதி, ஆண்கள் எல்லாரும் தலையில் கல்தூசியோடு பொத்தைக் குன்றிலிருந்து இறங்கிச் சரக்குக் கடைப்பக்கம் போகிற நேரத்தில், முதலில் என் நாக்கு தடித்தது, பிறகு காது சூடானது, பிறகு சொளகில் கிடந்த இலைகள் உயிருள்ள மீன் மாதிரிக் கையை விட்டு நழுவின, சுற்றிய பீடி ஒவ்வொன்றும் வயிறு பெருத்து வாய் கோணி விழுந்தது, அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, அழுகை முடியுமுன் கோபம் வந்தது. என் வீட்டுக்காரரைப் பெற்ற அத்தை சண்முகத்தாய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள், "என்னட்டி, கண்ணு செவந்து கெடக்கு, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசாதவள் நான். என் பேர் பேச்சியம்மாள், ஆனால் பேருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று தெருவில் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட நான் அவள் கையைத் தட்டிவிட்டு, "ஒம் மவன என் தலையில கட்டுனியே, நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டேனாம். எனக்கு நினைப்பு இல்லை.

அதே நேரத்தில் எங்கள் நரிப்பொத்தையில் வீட்டுக்கு வீடு அதுதான் நடந்தது, தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் குடத்தைக் கட்டிப்பிடித்து நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள், அம்மி அரைத்தவள் குழவியைத் தாலாட்டினாள், ஒருத்தி செத்துப்போன மாமனாரை ஏசினாள், ஒருத்தி பஸ்ஸை மறித்து டிரைவரிடம் நியாயம் கேட்டாள். இருட்டத் தொடங்கும்போது ஆண்கள் வந்தார்கள். ஒருத்தர் நடையிலும் தள்ளாட்டம் இல்லை, ஒருத்தர் வேட்டியும் அவிழவில்லை, எல்லார் முகத்திலும் ஏமாந்துபோன ஆத்திரம்தான். என் வீட்டுக்காரர், பேரைச் சொல்லக்கூடாது, மனசுக்குள் சொல்லலாம் என்று நினைக்கிறேன், கொம்பையா, வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் தலைமுடி அவிழ்ந்து இலைக்கட்டின் மேல் தலைவைத்துக் கிடந்தேன்.

"ஏல, குடிச்சது நானு. ஆடுதது இவளா?" என்றார்.

நரிப்பொத்தைக்கு எதுவும் ரொம்ப நாளைக்குப் புதுசாக இருக்காது. முதலில் ஆண்கள் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார்கள், கடைக்காரர் மூடியையும் சீலையும் காட்டி, "அரசாங்கச் சரக்குவே, ஏறலன்னா அரசாங்கத்துக்கிட்டக் கேளும்" என்றார். பிறகு செய்வினை என்று கோடாங்கியிடம் போனார்கள், அவர் உடுக்கையை எடுத்தார், உள்ளேயிருந்து அவர் பெண்டாட்டி, "ஏ மனுசா, நேத்து நீரு குடிச்சதே எனக்கு இன்னும் எறங்கல, தலை வெடிக்கு, அந்த உடுக்கையைக் கீழ வையும்" என்று கத்தினாள், வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எப்படி, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் ஓடு மாற்றுகிற மாதிரி ஊர் தன்னை மாற்றிக்கொண்டது. சங்கு ஊதுவதற்குள் பெண்கள் தண்ணீர் எடுத்து, சோறு வடித்து, விளக்கேற்றி, அரிவாள்மணையைப் பரண்மேல் ஏற்றி, பாயை விரித்துத் தயாராக உட்கார்ந்தார்கள். குடிக்கிற ஆள் இல்லாத வீடுகளில் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் சாயங்காலம் விடப்பட்டன. டிரைவர்கள் எங்கள் தெருவில் மெதுவாகப் போகப் பழகினார்கள். பீடிக்கடைக் கணக்கப்பிள்ளை மட்டும்தான் பழகவில்லை, கட்டைக் கையில் எடுத்து, "இது பீடியா, கத்தரிக்காயா? காலையில சுத்துனதெல்லாம் குச்சி மாதிரி இருக்கு, சாயங்காலம் சுத்துனதெல்லாம் புள்ளத்தாச்சி மாதிரி இருக்கு" என்று பாதியைக் கழித்துக் கீழே தள்ளினார்.

எனக்கு ஆத்திரம் எதில் வந்தது என்றால், ஆண்கள் குடியை நிறுத்தவில்லை. ஏறாத சரக்கை எதற்குக் குடிக்கிறீர்கள் என்று அத்தை கேட்டாள். "பழக்கம்மா. ஏறாட்டாலும் கை தேடுது" என்றார் என் வீட்டுக்காரர். அவருடைய கை தேடியது, எனக்குத் தலை சுற்றியது. போதையும் இல்லாமல், போதையில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லாமல், ஆண்கள் முழுத் தெளிவோடு வீட்டுக்கு வந்து எங்களைப் பார்த்து, "பொம்பள குடிச்ச மாதிரி இது என்ன கண்றாவி" என்று முகம் சுளித்தார்கள்.

பிறகுதான் பொட்டலம் வந்தது. சரக்கு ஏறவில்லை, இலையாவது ஏறுதா பார்ப்போம் என்று கிரஷர் லாரிக்காரன் ஒருவனிடமிருந்து கஞ்சா வாங்கி, நான் சுற்றிய பீடியையே பிரித்து, தூளைக் கொட்டிவிட்டு, அதற்குள் வைத்து அடைத்தார்கள். அவர்களுக்கு அதுவும் ஏறவில்லை. எங்களுக்கு ஏறியது.

உள்ளதைச் சொன்னால் முதல் நாள் அது எனக்குப் பிடித்திருந்தது. சரக்கு ஏறுகிற நாளில் எதையாவது போட்டு உடைக்கத் தோன்றும், இது அப்படி இல்லை. அன்றைக்கு நான் சோறு பொங்க, அத்தை குழம்பு வைத்திருந்தாள், இரண்டு பேருக்கும் சேர்ந்தே வந்தது. அத்தை ஒரு முருங்கைக்காயைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏட்டி பேச்சி, இதப் பாரு, இவன் ஒன் மாமனார் மாதிரி இல்ல? நெட்டையா, வத்தலா, உள்ள ஒண்ணும் இல்லாம" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்தோம். பானையில் இருந்த சோற்றையெல்லாம் அள்ளித் தின்றோம். முதுகில் எப்போதும் இருக்கிற வலி எங்கே போனது என்று தெரியவில்லை, அப்போது எனக்கு அவர் மேல் பொறாமை வந்தது, இத்தனை வருசமாக இப்படி ஒரு இடம் இருக்கிறது, அங்கே தான் மட்டும் போய்ப் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார், ஒரு நாளாவது என்னிடம் சொல்லியிருக்கிறாரா என்று.

அதுவே இன்னொரு நாள் என்னைக் கொன்றுவிடப் பார்த்தது. அத்தை ரேசன் கடைக்குப் போயிருந்தாள். நான் சோறு வடித்து, கொதிக்கிற கஞ்சியைச் சட்டியில் இறக்கி வைத்துவிட்டு, முப்பிடாதியைத் தொட்டிலில் போட்டுக் கயிற்றைக் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு சொளகோடு உட்கார்ந்தேன். முப்பிடாதி என் மகள், தவழத் தொடங்கியிருந்த நேரம். போதை ஒரு பஞ்சுமெத்தை மாதிரி வந்து என்னை மூடியது. கயிறு திடீரென்று லேசாகிவிட்டது. நான் அதற்கும் சிரித்தேன், என் பிள்ளை எவ்வளவு லேசாக இருக்கிறாள், தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஆடுகிறாள் என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. யார் வீட்டுப் பிள்ளையோ, பெற்றவளுக்குக் காது இல்லையா என்று நினைத்தேன். அடுத்த வீட்டுப் பாத்துமுத்து அக்காதான் ஓடி வந்தாள். "பேச்சி! கயிறு ஆடுது, தொட்டில் ஆடுது, பிள்ளை எங்கட்டி?" என்று கேட்டாள். பிள்ளை அடுக்களையில் கஞ்சிச் சட்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அக்கா தூக்கினாள். கொஞ்சம்தான் சிந்தியது, கையில் ஒரு காசு அளவுக்குக் கொப்புளம். எனக்குப் போதை இறங்கிய பிறகு அதைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், என் பிள்ளை அழும்போது அது என் பிள்ளை என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பாத்துமுத்து அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லை, இறந்துவிட்டார், பாலிடெக்னிக் படிக்கிற யாசீன் ஒரே மகன். அதனால் எங்கள் தெருவில் அவள் மட்டும் தெளிவாக இருந்தாள், தெருவே அவளிடம் பிள்ளைகளை விட்டுப் போனது. அதிலே அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு நாள் தொழுகைக்கு உட்கார்ந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள், வந்தது. பல்லைக் கடித்தாள், வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து, சிரித்துக்கொண்டே தெருவைத் தாண்டி, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் புகைவிட்டு நின்ற மகன் முன்னால் போய் நின்று, கண்ணில் தண்ணீர் வடிய வடியச் சிரித்துக்கொண்டே கேட்டாள், "நீயுமா வாப்பா?" அந்தப் பையன் அதற்குப் பிறகு ரொம்ப நாள் தலை நிமிரவில்லை. ஆனால் விடவும் இல்லை.

யாருக்கு ஏறுகிறது என்ற சூட்சுமத்தைக் கண்டுபிடித்தது நான்தான். பெண்டாட்டிக்கு ஏறுகிறது என்று ஊர் நினைத்தது, தாய்க்கும் ஏறும் போலிருக்கிறது என்று பிறகு திருத்திக்கொண்டது. பேசாதவளுக்குப் பார்க்க நேரம் நிறைய உண்டு. கொப்புளம் பட்ட மறுநாள் என் வீட்டுக்காரரோடு நான் பேசவில்லை, அவர் என் சோற்றைத் தொடாமல் பரோட்டாக் கடைக்குப் போய்த் தின்றுவிட்டு வழக்கம்போல இழுத்தார். நான் பாயை விரித்து உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதியது, விளக்கு எரிந்தது, பிள்ளை பால் குடித்துத் தூங்கினாள், எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் கடைத்தெருவில் சத்தம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசி, அது வேட்டி அகலம் விரிந்தும் விடாமல், அதைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்லைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார். அவர் வாயில் பாக்குக்கூடப் போடாதவர். மறுநாள் வேண்டுமென்றே அத்தையைப் பொங்கச் சொன்னேன். அத்தைக்கு ஏறியது, எனக்கு இல்லை. இழுக்கிறவர் வயிற்றில் கிடக்கிற சோற்றை யார் பொங்கினார்களோ அவர்களுக்குப் போகிறது. கரண்டியை விட்டுக் கிண்டினாலும், கிண்டிய அளவுக்குப் போகிறது. அவ்வளவுதான்.

நான் யாரிடமாவது சொல்லுவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. பொட்டலத்தோடு ஆண்களைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தமும் மூத்திரமும் எடுத்தார்கள். எல்லார் ரத்தமும் கிணற்றுத்தண்ணீர் மாதிரிச் சுத்தமாக இருந்தது. பொட்டலம் கீழே கிடந்தது, எங்களுக்குத் தெரியாது என்று ஆண்கள் சொன்னார்கள். யாரோ சொல்ல, எங்களுக்கும் எடுத்தார்கள். எங்கள் ரத்தத்தில் எல்லாம் இருந்தது. இழுத்தவன் நல்லவன், பொங்கிப் போட்டவள் குற்றவாளி. வந்த பெண் போலீஸ் நல்ல பிள்ளைதான், என் மடியில் முப்பிடாதியைப் பார்த்துவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னாள், "அக்கா, இந்தத் தடவை பேரை மட்டும் எழுதிருக்கேன். மறுபடி ரத்தத்துல இருந்துச்சுன்னா உள்ளதான். கைப்பிள்ளைக்காரின்னு பாக்க மாட்டாவ. பாத்தாலும், பிள்ளையை ஒங்கிட்ட விடமாட்டாவ."

ஆண்கள் அதற்குப் பிறகுதான் ஊர்க்கூட்டம் வேண்டும், மேலிடத்திலிருந்து ஆள் வரவேண்டும், கஞ்சாவைச் சட்டப்படி விற்க விடவேண்டும் என்று கிளம்பினார்கள். "ஒங்களுக்காகத்தாண்டி கேக்கோம்" என்று சொன்னார்கள். கல்யாண மண்டபத்தில் கூட்டம், மேலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்தார், அவருக்குப் பேச்சு நன்றாக வரும், என் பங்கும் சேர்த்து அவருக்கே வந்துவிட்டது.

"மேடம், பீடியும் போதைதான். அத எம் பொஞ்சாதி சுத்துதா, கடைக்குக் கடை தொங்குது, கேஸ் இல்ல. சரக்கும் போதைதான். அத கவர்மெண்டே விக்கு, கேஸ் இல்ல. காட்டுல மொளைக்கிற ஒரு இலைக்கு மட்டும் என்னத்துக்குக் கேஸு? அதுக்கும் ஒரு கடையப் போட்டு, சீல் வச்சு, வரி வாங்கிக்கிட்டு விட்டா எங்க வீட்டுப் பொம்பளையள ஸ்டேசனுக்கு இழுப்பாவளா?"

கைதட்டல். அவர் சொன்னது தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோயில் கமிட்டித் தவசிக்கண் அண்ணாச்சி எழுந்தார். "கடையா போடணும்? விக்கவனையும் வாங்குதவனையும் கட்டி வச்சு உரிக்கணும். பொம்பளைக்குப் போதை ஏறுதுன்னா ஊரு மானம் என்னாவுறது?" என்றார்.

"ஆம்பளைக்கு ஏறுனப்போ ஊரு மானம் எங்கவே போயிருந்து? குளிக்கவா?" என்றாள் அத்தை இருந்த இடத்திலிருந்தே. மண்டபம் சிரித்தது. அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார்.

பாத்துமுத்து அக்கா எழுந்தாள். "அம்மா, எம்பிள்ளைய ஜெயில்ல போடாதிய. உள்ள போனா அவன் திரும்பி எம்பிள்ளையா வரமாட்டான். ஆனா அவன் கைக்கு எட்டுற எடத்துல ஒரு கடையையும் வச்சிராதிய. இதுக்கு நான் எந்தப் பக்கம் கை தூக்கணும்?"

"ஏதாவது ஒரு பக்கம்தான் தூக்கணும்மா" என்றார் அதிகாரி.

"அப்போ எனக்குக் கையே வேண்டாம்" என்று அக்கா உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு அப்போது என்ன ஆனது என்று தெரியவில்லை, எழுந்து நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த சூட்சுமத்தைச் சொல்லிவிட்டால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும் என்று நெஞ்சு அடித்தது. "ஏல, பேச்சி பேசப் போறாடோய்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மைக்கை நீட்டினார்கள், அது கீச்சென்று கத்தியது. இத்தனை முகம். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"அது வந்து... சோறு..." என்றேன்.

அதிகாரி அம்மா அன்பாகச் சிரித்தார். "சாப்பாடு கூட்டம் முடிஞ்சதும் உண்டும்மா, அவசரப்படாதீங்க."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது, என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் உட்கார்ந்தேன். அதற்குள் ஆண்களில் சிலர் பின்வாசல் வழியாகப் போய் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வந்திருக்க வேண்டும், கை தூக்கச் சொன்னபோது பெண்களில் பாதிப்பேர் விற்கலாம் என்றதற்கும் தூக்கினார்கள், கூடாது என்றதற்கும் தூக்கினார்கள், தூக்கிய கையை ஆட்டி ஆட்டிப் பாடினார்கள். பெண்கள் மிகுந்த ஆர்வத்தோடு கலந்துகொண்டார்கள் என்று அதிகாரி அம்மா மைக்கில் பாராட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எனக்கும் அத்தைக்கும் பிள்ளைக்கும் மட்டும் பொங்கினேன். அவர் முன்னால் ஒரு பானையும் ஒரு படி அரிசியும் தீப்பெட்டியும் வைத்தேன்.

"ஏட்டி, என்ன இது?"

"அரிசி."

"அது தெரியுது. எதுக்கு?"

"நீங்க திங்கிற சோத்த நீங்களே பொங்குங்க."

அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முதலில் சிரித்தார், பிறகு பானையை உதைத்தார், பிறகு பரோட்டாக் கடைக்குப் போனார். அன்றைக்கு ஆடியதிலேயே பாடம் படித்திருந்த மாஸ்டர் "போதை போடுகிறவர்களுக்குப் பரோட்டா இல்லை" என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தார். திரும்பி வந்து அத்தையிடம் கேட்டார். "பத்து மாசம் ஒன்னச் சொமந்தேன். ஒம் போதையையும் நானே சொமக்கணுமாக்கும்? போலே" என்றாள். கடைசியில் அவரே அடுப்பை ஊதினார். புகை கண்ணில் ஏற, உலை கொதிக்குமுன் அரிசியைப் போட்டு, அடியில் கருகி மேலே வேகாமல் நறுக்கரிசியாக நின்ற அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு, பழக்கத்தில் இழுத்தார். இழுத்த கொஞ்ச நேரத்தில் கிணற்றடியிலிருந்து சத்தம். ஓடிப் பார்த்தேன். கிணற்றுச் சுவரில் முதுகைச் சாய்த்து, வானத்தைப் பார்த்து, காணாமல்போன ஆட்டைக் கண்டுபிடித்தவர் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஏறிட்டுட்டி பேச்சி, எனக்கே ஏறிட்டு" என்றார்.

வாயால் சொல்ல முடியாததைப் பானையை வைத்துச் சொல்லிவிட்டேன், தெரு புரிந்துகொண்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பானை ஆணின் முன்னால் வைக்கப்பட்டது. இப்போது சங்கு ஊதினால் நரிப்பொத்தையில் வீட்டுக்கு வீடு ஆண்கள் அடுப்பை ஊதுகிறார்கள். சிலபேர் உலை வைக்கச் சோம்பல்பட்டே போதையை விட்டுவிட்டார்கள். யாசீன் நான்கு நாள் தானே பொங்கித் தின்றான், ஐந்தாம் நாள் அம்மாவின் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான், பாத்துமுத்து அக்கா பொங்கிப் போட்டாள், சாயங்காலம் முழுவதும் தனக்குச் சிரிப்பு வருகிறதா என்று பயந்து பயந்து காத்திருந்தாள். வரவில்லை. அன்றைக்கு அவள் அழுதாள்.

எல்லாம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். என் ரத்தம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் எழுதின பேரை யாரும் அடிக்கவில்லை, கூப்பிட்டால் போய் நிற்கத்தான் வேண்டும். அவருக்கு ஏறுகிறது, சரி, ஏறிய பிறகு அவர் கிணற்றடியில் வானத்தைப் பார்க்கிறார், பிள்ளையை நான்தான் பார்க்கிறேன், முன்னே என் போதைக்குப் பயந்தேன், இப்போது அவர் போதைக்குக் காவல் இருக்கிறேன். அதோடு, அடுப்படிக்குப் போனால் ஆண்களுக்கு எதுவும் தெரியமாட்டேன் என்கிறது. உப்பு எங்கே, உலை கொதித்தால் என்ன செய்ய, கஞ்சியை எப்படி வடிக்க என்று தெரு முழுக்க ஒரே கூப்பாடு, மனசு பொறுக்காமல் போய் ஒரு தடவை கிண்டிக் கொடுத்தவளுக்கு அன்றைக்கு அரைப் போதை.

இன்றைக்கு அந்த அதிகாரி அம்மா மறுபடி வந்திருக்கிறார். மண்டபத்தில் பெண்கள் சரியாகப் பேசவில்லையாம், வீடு வீடாகக் கேட்கப்போகிறாராம். பாத்துமுத்து அக்கா வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறது, அடுத்து எங்கள் வீடுதான். மைக் இல்லை, கூட்டம் இல்லை. அதனால்தான் கை பீடி சுற்ற, கால் தொட்டிலை ஆட்ட, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து ஒரு தடவை எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன், இந்தத் தடவை சோறு என்ற சொல்லோடு நிற்கக்கூடாது. விற்கலாமா கூடாதா என்று அந்த அம்மா கேட்பார். நான் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன், அம்மா, நீங்கள் விற்றாலும் சரி, தடுத்தாலும் சரி, ஜெயிலில் போட்டாலும் சரி, கடைசியில் அது வந்து இறங்குகிற இடம் எங்கள் அடுப்படி, அதனால் அந்தக் கேள்விக்கு முன்னால் வேறு ஒன்றைக் கேளுங்கள், ஒருத்தனுக்கு ஏறியிருக்கிற நேரத்தில் அவன் பிள்ளையை யார்

கயிறு லேசாக இருக்கிறது.

"பேச்சீ! ஏட்டி பேச்சீ!" அடுக்களையிலிருந்து அவர் சிரிக்கிறார், மதியம் தானே பொங்கித் தின்ற சோறு, ஏறியிருக்கிறது. "உல பொங்கி வழியுதுட்டி, கஞ்சிய எங்கன எறக்க? இங்க பாரேன், யாரோ ஒரு பிள்ள வந்து சட்டியப் பிடிச்சு நிக்கி, யாரு வீட்டுப் பிள்ளட்டி இது, நம்ம முப்பிடாதி மாதிரியே இருக்கு..."

இந்தா வாரேன், அவளத் தொடாதிய, நான் கரண்டியத் தொட மாட்டேன், பிள்ளைய மட்டும் தூக்கிட்டு வந்து மிச்சத்த அந்த அம்மாகிட்ட